வாளி வண்டியில் எப்சியின் குரல்

"மணிமுத்தாறு அருவியில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால், பொதுமக்கள் குளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது..."

குரல் ஒரு கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

ஐப்பசிப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, கட்டிலில் சம்மணம் போட்டுத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் செய்தி வாசித்தால், பார்க்கிறவர்கள் பயந்துதான் போவார்கள். எப்சிக்கு வேறு வழியில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி வராது என்று கல்லூரித் தோழி ஸ்டெபி சொல்லியிருந்தாள். ஒரு எஃப்.எம். நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். குரலைப் பதிவு செய்து மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல்...

அப்பா பாக்கியசீலன் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பாளையங்கோட்டையில் அவரிடம் அடி வாங்காத அதிகாரிகள் குறைவு. சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். மகளின் குரல் ஆண்டவர் கொடுத்தது, அது ஆலயத்துக்கு மட்டும்தான் என்பது அவர் போட்ட சட்டம். அவர் பாங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் எப்சி போர்வைக்குள் புகுந்திருந்தாள்.

"தாமிரபரணிக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு..."

"வாளி... குடம்... வாரியல்..."

எப்சி பல்லைக் கடித்தாள். செவ்வாய்க்கிழமை. வாளிக்காரன் வருகிற நாள் என்பது மறந்தே போயிற்று.

"வாளி... குடம்... வாரியல்... பேசின், முறம், வாரியல்..."

ஸ்பீக்கரில் பதிந்து வைத்த குரல். கரகரவென்று, தொண்டையில் மணலைக் கொட்டி வைத்த மாதிரி. அது தெருமுனையில் தொடங்கி, வீட்டு வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. எப்சி போர்வையை உதறினாள். தலைமுடி ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம். படியில் தடதடவென்று இறங்கி வாசலுக்கு வந்தாள்.

பழைய மொபெட் ஒன்று நின்றது. மொபெட் என்று சொன்னால்தான் தெரியும். முன்னும் பின்னும் மேலும் பிளாஸ்டிக் குடங்களும் வாளிகளும், வாரியல் என்று அந்த ஊரில் சொல்கிற துடைப்பங்களும் கட்டித் தொங்கி, நடுவில் ஒருவன் உட்கார ஓர் இடம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த இடத்தில் இருந்தவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அதை முதல்ல நிப்பாட்டுங்க."

அவன் பதறி ஸ்பீக்கரின் பொத்தானைத் தடவினான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். அவசரத்தில் ஏதோ ஒன்றை அழுத்தினான். சத்தம் நின்றது. கூடவே ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்தது. அது பதிவு செய்கிற பொத்தான். பழைய பேச்சை அழித்துவிட்டு, புதிதாகக் கேட்கிறதைச் சில நிமிடம் பதிந்துகொண்டு தானாக நின்றுவிடும். அந்த விளக்கை இருவருமே கவனிக்கவில்லை.

எப்சி ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா? வாரா வாரம் வந்து வாளி வாளின்னு இந்தக் கத்து கத்துதீங்களே... தெருவுல மனுசங்க இருக்கதா, வேண்டாமா? போன வருசம் எங்க அம்மா உங்ககிட்ட வாங்குன வாளியே இன்னும் கல்லு மாதிரி கெடக்கு. மொட்டை மாடியில இருந்து கீழ விழுந்துச்சு, ஒரு கீறல் இல்ல. அந்த வாரியலும் அப்படித்தான். தேய்ஞ்சாலும் ஒரு ஈக்கு உதிர மாட்டேங்கு. உதிர்ந்தாத்தானே புதுசு வாங்குவோம்? இப்படி ஒடையாத சாமானைக் கொண்டாந்து கொடுத்துட்டு, மறுபடியும் வாங்கு வாங்குன்னா யாரு வாங்குவா?"

அவன் வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. முதலில் குடங்களின் மேல் டப் டப்பென்று சில துளிகள்... பிறகு சடசடவென்று. எப்சி நகரவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. அவன் கையை நீட்டி, வண்டியிலிருந்து ஒரு நீல நிறப் பேசினை உருவி, அவள் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தான்.

"நனையுதீங்க."

"நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பேசுங்க... நனையாம பேசுங்க."

பேசினுக்கு அடியில் நீல வெளிச்சம். மேலே மழையின் தாளம். எப்சி நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து, இமையில் தங்கி, கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இமைக்குக் கீழே இருந்த கண்களில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஏதோ நல்ல பாட்டைக் கேட்கிறவனின் கண்கள்... 'இவன் என்ன, திட்டுறதை இப்படிக் கேக்கான்?' சொல்ல வந்த அடுத்த வாக்கியம் அவளுக்கு மறந்துபோயிற்று. எப்சிக்கு வாக்கியம் மறந்த முதல் தடவை அது.

"யக்கா, மன்னிச்சிருங்க..."

"யக்காவா? என்னைப் பாத்தா உங்களுக்கு அக்கா மாதிரியா இருக்கு?"

"இல்ல... தங்கச்சி..."

"அதுவும் வேண்டாம்."

"பெறவு எப்படிக் கூப்பிடணும்?"

"கூப்பிடவே வேண்டாம். போயிட்டு வாங்க."

போங்க என்றுதான் சொல்ல நினைத்தாள். வாய் ஏன் 'போயிட்டு வாங்க' என்றது என்று மாடிப்படி ஏறும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மதியத்துக்குள் புதிதாக ஒரு பதிவு செய்து அனுப்பிவிட்டாள். மணிமுத்தாறு அருவிக்கு நடுவில் வாளி விற்ற அந்தப் பழைய பதிவை அழிக்கக் கையைக் கொண்டுபோனாள். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எதற்கு என்று கேட்காதீர்கள். அவளுக்கே அப்போது தெரியாது.

வாளிக்காரனின் பெயர் கிங்ஸ்லி. மழை விட்டதும் அடுத்த தெருவுக்குப் போய் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"ஏங்க, உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

கிங்ஸ்லி வண்டியோடு சாயப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பெண் யாரும் பின்னால் நிற்கவில்லை. ஸ்பீக்கர்தான் திட்டிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தப் போவதற்குள் வீட்டுக் கதவுகள் திறந்தன. தெருவில் சண்டை என்றால் யார்தான் எட்டிப் பார்க்க மாட்டார்கள்? வாசலுக்கு வந்தவர்கள் மாடியிலிருந்து விழுந்தும் உடையாத வாளியைப் பற்றிக் கேட்டார்கள். உதிராத வாரியலைப் பற்றிக் கேட்டார்கள். 'நனையாம பேசுங்க' என்ற இடத்தில் இளசுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'தங்கச்சி... அதுவும் வேண்டாம்' என்று வந்தபோது தெருவே சிரித்தது.

"அந்தப் பிள்ள சொன்ன வாளியில ஒண்ணு கொடுங்க" என்றார் ஒரு அம்மா.

மத்தியானத்துக்குள் வண்டியில் அவன் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது.

சாயங்காலங்களில் அவன் வண்டியை வண்ணார்பேட்டையில், மாரிக்கண்ணுவின் கொய்யாப்பழத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவான். மாரிக்கண்ணு அக்காவுக்கு ஐம்பது வயது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற எல்லார் கதையும் அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கரை ஒரு தடவை கேட்டாள், கொய்யாவை நறுக்குகிற கையை நிறுத்தினாள்.

"ஏலே, யாருலே இந்தப் பிள்ள?"

"தெரியாதுக்கா. பாளையங்கோட்டை. பேரு கூடத் தெரியாது."

"பேரு தெரியாத பிள்ளையோட குரலை வச்சுப் பிழைக்கியே, கேட்டியா அவகிட்ட?"

கிங்ஸ்லிக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லைதான். நாளைக்கு அழித்துவிட வேண்டும் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். வாங்குகிற பெண்கள் வேறு, "என்ன தம்பி, அக்காவா தங்கச்சியான்னு முடிவாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வியாபாரத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் ஊரெல்லாம் அடங்கிய பாதையில், வாங்குவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில், அந்த ஸ்பீக்கரை எதற்கு மெதுவாக ஓட விட்டான்? அதற்கு அவனிடம் கணக்கு இல்லை.

அடுத்த செவ்வாய் எப்சியின் தெருவுக்கு மட்டும் அவன் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒரு சாயங்காலம் பாக்கியசீலன் வண்ணார்பேட்டைக்குக் கண்ணாடி மாற்றப் போனார். திரும்பி வந்தவர் குடையை மடக்காமலே வீட்டுக்குள் வந்தார்.

"எப்சி, இங்க வாட்டி."

அடுப்படியிலிருந்து இன்பமணி எட்டிப் பார்த்தாள். கணவர் குடையோடு கூடத்தில் நிற்பதைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்தாள்.

"வண்ணார்பேட்டையில ஒருத்தன் வாரியல் விக்கான். ஸ்பீக்கர்ல யாரு பேசுதான்னு நெனைக்க? என் மகள். சபையில தனிப்பாட்டு பாடுத குரல், நடு ரோட்டுல வாளி விக்குது. இதுக்குத்தான் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தியா?"

எப்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவள் முகம் சிவந்துகொண்டே போனது. காது, மாடி, வாளி, வாரியல், அக்கா, தங்கச்சி... எல்லாம் அவளுடையதுதான். தான் கதவைச் சாத்தியது இதற்கில்லை என்று சொல்லப் போய், எஃப்.எம். விஷயமும் வெளியே வந்துவிட்டது. அதுதான் பெரிய தப்பு. அன்று காலையில்தான் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள்.

"அதுக்கும் போக வேண்டாம். ரோட்டுல கிழிஞ்சது போதும்" என்றார் பாக்கியசீலன்.

எப்சி அழவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு, மறுநாள் சாயங்காலம் டவுன் பஸ் ஏறி வண்ணார்பேட்டையில் இறங்கினாள்.

தூரத்திலேயே கேட்டது அவள் குரல். கூட்டம் நின்றது. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். கிங்ஸ்லி அவளைப் பார்த்தான். கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. ஸ்பீக்கரில் ஓர் எப்சி, நேரில் ஓர் எப்சி. அன்று தன் வீட்டு வாசலில் சொன்ன வாக்கியத்தையே நேரில் நின்றவள் மறுபடியும் சொன்னாள்.

"அதை முதல்ல நிப்பாட்டுங்க."

இந்தத் தடவை சரியான பொத்தானை அழுத்தினான்.

"யாரைக் கேட்டு என் குரலை ஊரெல்லாம் ஓட விட்டீங்க? எங்க அப்பா காதுல விழுந்து, வீடு வீடா இல்ல. எஃப்.எம்.ல என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. எத்தனை வருசக் கனவு தெரியுமா? போகக் கூடாதுன்னுட்டாங்க. உங்க வாளி வித்துச்சு... என் வேலை போச்சு."

அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தெரியாமல் பதிந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்பீக்கரைக் கையில் எடுத்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மணல் குரலில் சொன்னான்.

"வாளி... குடம்... வாரியல்..."

பாதியில் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னான்.

"பேசின்... முறம்... வாரியல்."

விளக்கு அணைந்தது. அவள் குரல் இருந்த இடத்தில் இப்போது அவன் குரல் இருந்தது. "அழிஞ்சிட்டு. தப்பு என் மேலதான்... மன்னிச்சிருங்க" என்றான். கூட்டம் மெல்லக் கலைந்தது. அவன் குனிந்து முறத்தை எடுத்துத் துடைத்தான்.

கோபம் தீர்ந்தால் நிம்மதி வர வேண்டும். எப்சிக்கு வரவில்லை. திரும்பி நடந்தவளை மாரிக்கண்ணு நிறுத்தினாள்.

"ஏளா, ஒரு கொய்யா தின்னுட்டுப் போ. காசு வேண்டாம்."

"இல்லைங்க..."

"அவனுக்குத் தொண்டையில கட்டி. தெருத்தெருவா கத்திக் கத்தி வந்தது. இனிமே கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன பெறவுதான் ஸ்பீக்கர் வாங்குனான். அவன் குரலைக் கேட்டுப் பிள்ளைங்க சிரிக்கும். பாவம், அதையும் சிரிச்சுக்கிட்டே கேப்பான். இத்தனை மாசத்துல அவன் வண்டி காலியாத் திரும்பினது உன் குரலாலதான். அவன் இதைச் சொல்ல மாட்டான், அதான் நான் சொல்லுதேன்."

எப்சி கொய்யாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை தட்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. அந்த இருமல்தான் கேட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. தெருவில் கீரைக்காரி வந்தாள், உப்பு வண்டி வந்தது, பழைய பேப்பர்காரர் வந்தார். வாளி வண்டி வரவில்லை. எப்சி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். காற்றுக்காக என்று அம்மாவிடம் சொன்னாள். வெளியே ஒரு இலை அசையவில்லை என்பதை இன்பமணி கவனித்தாள், சொல்லவில்லை.

மத்தியானம் எப்சி மறுபடி கம்பளிப் போர்வைக்குள் புகுந்தாள். போனில் அந்தப் பழைய பதிவைப் போட்டாள். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு... வாளி... குடம்... வாரியல்... திரும்பப் போட்டாள். 'என்ன குரல் இது, காக்காய்க்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி' என்று சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் நீர்தான் வந்தது. அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பேசினுக்கு அடியில் நின்ற அந்த நேரத்திலேயே பிடித்துவிட்டது. இனி அதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை.

நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த நேரம், வாசலில் மொபெட் நின்றது. ஸ்பீக்கர் பேசவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டையில், படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிங்ஸ்லி வந்து நின்றான்.

"சார்... நாந்தான் வாளி விக்கிறவன்."

பாக்கியசீலன் நாற்காலியில் நிமிர்ந்தார். எப்சி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"உக்காரு."

"நிக்கேன் சார். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னைச் சத்தம் போட வந்தாங்க. நான் பதட்டத்துல பொத்தானை மாத்தி அமுக்கிட்டேன். அது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச பெறவும் அழிக்காம ஓட விட்டது நான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவங்களை அந்த வேலைக்கு மட்டும் அனுப்புங்க."

"அதைக் கேக்கவா வந்த?"

"ஆமா சார்."

"எங்க, அந்தப் பதிவைப் போடு. நான் முழுசாக் கேக்கணும்."

"அவங்க கண்ணு முன்னாலேயே அழிச்சிட்டேன் சார்."

"அழிச்ச பெறவு வியாபாரம் எப்படி?"

கிங்ஸ்லி சிரித்தான். "வண்டியில உக்கார எடம் இல்ல சார்."

பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இன்பமணி அடுப்படி வாசலில் வந்து சாய்ந்து நின்றாள்.

"துடைச்சது போதும். அன்னைக்கு ராத்திரி எங்கிட்டச் சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க."

"நீ சும்மா இரு இன்பமணி."

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

தலைமை ஆசிரியருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வண்ணார்பேட்டையில நான் உடனே வந்துரல. தூண் பக்கத்துல நின்னு முழுசாக் கேட்டேன். ரெண்டு தரம் ஓடுச்சு... பஸ்ஸுக்கு ஓடுத ஜனம் அத்தனையும் நின்னு கேக்குது. ஒருத்தர் பக்கத்துல இருந்தவர்கிட்ட, 'என்ன குரல்வே இது'ங்காரு. என் பாட்டுக்கு எங்க சபையில யாரும் அப்படி நின்னதில்ல. எனக்கு... என் மகள்னு சொல்லணும் போல இருந்துச்சு. சொல்ல வாய் வரல. வீட்டுக்கு வந்து கோபமா மாறிட்டு."

கதவுக்குப் பின்னால் எப்சி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அந்தத் திட்டு யாரு மாதிரி இருந்துச்சுன்னும் சொல்லுங்க" என்றாள் இன்பமணி.

"உன்னை மாதிரியேதான் இருந்துச்சு. முப்பது வருசமாக் கேக்குத எனக்குத் தெரியாதா?"

எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தது பாக்கியசீலன்தான். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார். "எப்சி, வெளிய வா. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். பைய வாசி, பதட்டப்படாத."

கிங்ஸ்லி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். வந்த வேலை முடிந்துவிட்டது. இனி இந்தத் தெருவுக்கு வருவதற்கு அவனுக்கு வாளிகள் மட்டும்தான் காரணம்... அது போதாதே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பும்போது பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

"நில்லுங்க."

நின்றான்.

"ஸ்பீக்கரைக் கொடுங்க. புதுசாப் பதிஞ்சு தாரேன்."

"வேண்டாங்க. ஒரு தடவை உங்க வீட்டுல திட்டு வாங்கித் தந்தது போதும். என் வாளியை என் தொண்டையிலேயே வித்துக்கிடுதேன்."

"அந்தத் தொண்டையைத்தான் டாக்டர் மூடி வைக்கச் சொல்லியிருக்காராமே?"

"மாரிக்கண்ணு அக்கா சொன்னாளாக்கும்... பரிதாபப்பட்டுத் தாரதை நான் வாங்கிக்கிட மாட்டேங்க. கோவிச்சுக்கிடாதீங்க."

எப்சிக்கு மூக்கு நுனி சிவந்தது. போனை எடுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மணிமுத்தாறு அருவியில் நீர்வரத்து அதிகரித்து, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகிற நேரத்தில், அவன் குரல் வந்தது. வாளி... குடம்... வாரியல்... அன்று ஸ்பீக்கரில் அழிந்துபோன அதே குரல்.

"இது... எதுக்கு வச்சிருக்கீங்க?"

"பரிதாபப்பட்டு இல்ல."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தின் மேல் டப்பென்று ஒரு துளி விழுந்தது.

"ஆலயத்துக்குக் குடுன்னு அப்பா சொன்னாங்க, குடுத்தேன். எஃப்.எம்.முக்குக் குடுக்கணும்னு நானே ஆசைப்பட்டேன். உங்களுக்கு மட்டும் கேக்காமலே போச்சு. இது என் குரலு. யாருக்குக் கொடுக்கணும்னு நாந்தான் சொல்லணும். ஸ்பீக்கரைக் கொடுங்க" என்றாள் எப்சி.

கொடுத்தான். அவள் பொத்தானைப் பார்த்து, நிதானமாக அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வாளி, குடம், வாரியல்... மாடியில இருந்து போட்டாலும் ஒடையாது. தேய்ச்சாலும் உதிராது. பேசின், முறம், எல்லாம் இருக்கு. விக்கிறவரைப் பத்தியும் கேட்டுக்கிடுங்க. ஏசினாலும் எதுத்துப் பேச மாட்டார். மழை வந்தா அவர் நனைஞ்சுக்கிட்டு, ஏசுறவ தலைக்குப் பேசினைப் பிடிப்பார். செவ்வாய்க்கிழமை வரலைன்னா, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பா... அவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

மழை சடசடவென்று இறங்கியது. கிங்ஸ்லி அசையவில்லை.

"எப்சி... சிவப்பு லைட்டு எரியுது."

அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன். இப்ப நீங்க சொல்லுங்க."

ஸ்பீக்கரை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவன் தெருவைப் பார்த்தான், மாடியைப் பார்த்தான், கடைசியில் அவள் கண்களைப் பார்த்தான். கண்மை கொஞ்சம் மழையில் கரைந்திருந்தது.

"எனக்கும்..." என்றான், அந்த மணல் குரலில். "நீங்க ஏசுன அன்னைக்கே பிடிச்சுட்டு. வியாபாரத்துக்குன்னு சொல்லிக்கிட்டு, ஆளில்லாத ரோட்டுல உங்களைத் தனியாக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு எப்சி."

மாடி ஜன்னலில் இன்பமணியின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில், இன்னொரு தலையும்.

"ஏட்டி, பேசுனது போதும். ரெண்டு பேரும் தொப்பலா நனையுதீங்க. அந்தத் தம்பியை ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

கிங்ஸ்லி வண்டியைப் பார்த்தான். அன்றைக்கு எடுத்த நீலப் பேசின் கைக்கு எட்டின இடத்திலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்து, குடங்களைத் தள்ளி, இரண்டு தலைக்கும் ஆகிற மாதிரி வண்டியில் இருந்ததிலேயே பெரிய பேசினாகத் தேடி எடுத்தான்.